பெயரில்லாத ஐந்தாவது வயர்

தீயைக் கொஞ்சம் கிளறி விடுங்கள். ஷெல்லி இன்றைக்கு வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன். இது அவளுடைய அண்ணன் ஆங்கஸுக்கு நடந்தது.

ஜூன் மாதம், மாலை ஐந்து மணி. ஆஸ்திரேலியாவின் தெற்குக் கோடியில் இருக்கும் ஹோபார்ட்டில் அப்போது குளிர்காலம், அதற்குள் கும்மிருட்டு. மலையேறும் அந்த ஒற்றைச் சாலையில் கடைசி வீடு. மேலே ஒரு குடியிருப்பு, கீழே ஒன்று. மேலே ஆங்கஸ் வாடகைக்கு வந்தான். கீழே வீட்டுக்காரியின் அப்பா லயனல் தனியாக இருந்தார். எண்பத்து மூன்று வயது. முதல் நாளே ஸ்காலப் பை, அதாவது சிப்பி மசாலா அடைத்துச் சுட்ட பண்டம், கொண்டுவந்து கொடுத்தார்.

"சாப்பிடு தம்பி. இந்த வீட்ல வயரு ஜாஸ்தி, சூடு கம்மி" என்று சிரித்தாராம்.

உண்மைதான். வீடு கட்டும்போதே சுவருக்குள் இணைய வயர் இழுத்திருந்தார்கள். ஆங்கஸின் நான்கு அறைகளிலும் ஒவ்வொரு சாக்கெட். எல்லாம் ஓர் அலமாரியில் வந்து முடிந்தன. அங்கே மோடம். ஆனால் எந்த வயரிலும் பெயர் இல்லை.

வீட்டுக்காரி மெரெடித் தொலைபேசியில் "எல்லாம் இழுத்து வச்சிருக்கு, எது எங்க போகுதுன்னு நீயே பாத்துக்கோ" என்றாள். அவள் இருப்பது லான்செஸ்டனில். இரண்டு மணி நேரப் பயணம்.

ஆங்கஸும் என்னைப் போலக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் வேலை பார்ப்பவன். வயரைக் கண்டுபிடிக்கும் கூவும் பெட்டி வைத்திருந்தான். அறை சாக்கெட்டில் பெட்டியைச் செருகிவிட்டு, அலமாரியில் ஒவ்வொரு வயர் மேலும் அதோடு வரும் கோலை வைப்பான். சரியான வயரில் கீச்... கீச்... என்று கூவும். நான்கு அறைக்கும் நான்கு வயர் கிடைத்தது. ஆனால் அலமாரியில் இருந்ததோ ஐந்து.

ஐந்தாவது மோடத்தில் செருகியிருந்தது. பழுப்பேறின பழைய வயர். அவனுடைய எந்த அறையிலிருந்தும் அதில் கூவல் வரவில்லை. மோடத்திலோ நான்கே ஓட்டை. அவனுடைய வேலை அறைக்கு இடமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வயர் யாருடையது என்று தெரியாவிட்டால், பிடுங்கிவிட்டுக் காத்திருப்போம். எவன் வந்து கத்துகிறானோ அவனுடையது. நானே எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். எப்போதும் யாராவது கத்தியிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை ஆங்கஸ் பிடுங்கினான். 'டிக்'. அவ்வளவுதான் சத்தம். யாரும் கத்தவில்லை.

அன்று ஆறு மணி வாக்கில் கீழே தொப்பென்று ஏதோ விழுந்தது. கிழவர் விறகுக் கட்டையைப் போட்டிருப்பார் என்று நினைத்தான். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தான். சனிக்கிழமையும் பார்த்தான்.

ஞாயிறு காலையில்தான் உறைத்தது. விறகுப் புகை வாசனையே இல்லை.

கீழே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தான். லயனல் தரையில் கிடந்தார். இடது மணிக்கட்டில், ஆபத்தென்றால் அமுக்கும் அவசரப் பட்டன். வலது கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது... விறைத்துப்போய். அவர் பக்கத்து மேசையில், பட்டனை அமுக்கினால் கம்பெனியிலிருந்து உதவிக்கு ஆளைக் கூப்பிடும் பெட்டி. அதன் பின்னாலிருந்து ஒரு பழுப்பு வயர் சுவருக்குள் போயிற்று.

ஆங்கஸ் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடவில்லை. மேலே ஓடினான். முதலில் அந்த வயரை மறுபடி மோடத்தில் செருகினான். அப்புறம்தான் போனை எடுத்தான்.

சனிக்கிழமை ராத்திரி வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

அடக்கம் முடிந்து மெரெடித் அவனிடம் வந்து அழுதாள். "பட்டனை அமுக்கவே இல்லையாம், கம்பெனிக்காரங்க சொல்றாங்க. என்ன பிடிவாதம் பாரு இந்த மனுஷனுக்கு! அமுக்கியிருந்தா அஞ்சே நிமிஷத்துல ஆள் வந்திருப்பாங்க. மன்னிக்கவே மாட்டேன் ஆங்கஸ், எங்கப்பாவ நான் மன்னிக்கவே மாட்டேன்."

பாவி, வயரைப் பற்றி மூச்சு விடாமல் தேநீர் போட்டுக் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. உதவிப் பெட்டி மட்டும் கழற்றாமல் இருந்தது. சும்மா இருக்கும் வயருக்கு மோடத்தில் பச்சை விளக்கு நிலையாக எரியும். வயர் வழியாகப் பேச்சு போனால்தான் துடிக்கும். தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த ஐந்தாவது வயரின் விளக்கு துடித்தது. கூடவே தரைப் பலகை இடுக்கில் விறகுப் புகை வாசனை. கீழே போய் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அடுப்பில் நெருப்பே இருக்காது.

பிடுங்கிவிடலாம் என்று எத்தனையோ தடவை கையை நீட்டினான். முடியவில்லை. இன்னொரு தடவை அந்த வயரைப் பிடுங்க எவனுக்குக் கை வரும்? தூக்கம் போயிற்று. மெரெடித்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எண்ணை அழுத்துவான். மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவான்.

நாலாவது வாரம் மெரெடித்தே வந்தாள்.

"கம்பெனியில இருந்து கூப்ட்டாங்க. அப்பாவோட பட்டன் தினமும் ஆறு மணிக்கு அமுங்குதாம். யாரோ விளையாடறாங்கன்னு என்னைத் திட்றாங்க."

"பட்டன் எங்க இருக்கு?" என்றான் ஆங்கஸ்.

"கழட்ட மனசு வரல. கையோட சேத்துத்தான் பொதச்சோம்."

அவள் கைப்பேசியை மேசையில் வைத்தாள். "பேச்சப் பதிவு பண்ணி அனுப்பியிருக்காங்க. கேளு."

கரகர சத்தம்... ஒரு பெண் குரல். "லயனல், உதவி வேணுமா?"

நீண்ட மூச்சு. அப்புறம் லயனலின் குரல். ஸ்காலப் பை கொடுத்த அதே குரல்.

"எனக்கு வேணாம்மா. மேல்வீட்டுத் தம்பிக்குத்தான். ராத்திரியெல்லாம் நடந்துக்கிட்டே இருக்கான்... பாவம், யாராவது வந்து பாருங்க."

மெரெடித் அதை நிறுத்தினாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா ஒனக்கு எதுக்கு உதவி கேக்கறாரு, ஆங்கஸ்?"