ஒன்பது மணிக்கே வந்த ஞானத்தகப்பன்

...காணோம் தம்பி, காணோம்! ஆறடிக்கு மேல உசரம், தலையில மஞ்சத் தொப்பி, முதுகுல செவப்பு மூட்டை... இந்த மலையில ஒளிச்சு வைக்கணும்னு நெனச்சாக்கூட ஒளிச்சு வைக்க முடியாத ஆளு. அவரைக் காணோம்! காலையில போனவரு. இப்ப மணி என்ன? பாத்துச் சொல்லுங்களேன். மூணா? மணி மூணா? ஐயோ மாதாவே!

நீங்க பேசாதீங்க. பேசாதீங்கங்கறேன். உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கெடக்கு. லிமாவா? அதானே பாத்தேன். கடக்கரை ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். பஸ்ஸ விட்டு எறங்குன வேகத்துல கிடுகிடுன்னு ஏற வேண்டியது, எங்க சிஞ்செரோ ஊரு மாதா கோயில் படிக்கட்டுல வந்து பொத்துன்னு உக்கார வேண்டியது. இந்தாங்க, கோகா இலை, மலை உசரத்துல மூச்சு முட்டுறதுக்கு இதான் மருந்து. கன்னத்துல ஒதுக்கிக்குங்க. அவசரமா மெல்லாதீங்க, ஆடா நீங்க? சும்மா ஒதுக்கி வைங்க. நான் பேசறேன், நீங்க மூச்சு விடுங்க. எனக்கும் யார்கிட்டயாவது கொட்டணும். வீட்டுல கொட்ட முடியாது. வீட்டுல யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு நான்தான் உத்தரவு போட்டிருக்கேன்... அது பெரிய கதை.

எம் பேரு பெத்ரோனிலா. குதிரைக்கார பெத்ரோனிலான்னு கேட்டா சதுக்கத்துல யாரும் சொல்லுவாங்க. சுத்திப் பாக்க வர்றவங்களக் குதிரையில ஏத்தி ஏரிக்கு, உப்புப் பாத்திக்கு, பழைய ராசாக்க படி படியா வெட்டி வச்சிருக்காங்களே அந்த மலைச்சரிவுக்கு எல்லாம் கூட்டிட்டுப் போவேன். இன்னைக்கு மூணு குதிரையும் கொட்டாய்ல நின்னு புல்லு திங்குது. ஏன்னா இன்னைக்கு எம் பொண்ணு இலாரியாவுக்கு மொத முடி வெட்டு. நாலு வயசு ஆகுது, இன்னும் தலையில கத்தரி படல. இடுப்பு வரைக்கும் தொங்குது. சீவறதா? சீப்புதான் ஒடையும். போன மாசம் அதுக்குள்ளேர்ந்து ஒரு பட்டாணியும் அரை ரொட்டியும் எடுத்தேன்! இன்னைக்கு நாப்பது குட்டிச் சடையாப் பின்னி, நாப்பது ரிப்பன் கட்டி வச்சிருக்கேன். ஆளுக்கு ஒரு சடைய வெட்டுவாங்க. ஆனா மொத சடைய ஞானத்தகப்பன்தான் வெட்டணும். அவரு கத்தரி வைக்காம வேற ஒருத்தர் கை படக் கூடாது. அந்த ஞானத்தகப்பன்தான் காணாமப் போன ஆளு!

பேரு மோகென்ஸ். டென்மார்க்காமே, எங்கயோ இருக்கு. மலையே கெடையாதாம் அந்த ஊர்ல. பாவம், எதப் பாத்துட்டு எந்திரிப்பாங்களோ. போன வருசம் எங்கிட்ட குதிரைச் சவாரி வந்தாரு. என் பொண்ணு ஏறி அவரு முன்னாடி உக்காந்தா, உக்காந்தவ அவரு கை மேலயே தூங்கிட்டா. இந்த மனுசன் ரெண்டு மணி நேரம் கையையும் அசைக்கல, காலையும் அசைக்கல. கொழந்த முழிச்சுக்குமாம்! திரும்பி வந்து குதிரைய விட்டு எறங்குறாரு, கால் மரத்துப் போயி நேரா சாணியில விழுந்தாரு. விழுந்தும் 'உஸ்'ஸுங்கறாரு, கொழந்தை தூங்குதுன்னு! அப்பவே முடிவு பண்ணிட்டேன், என் பொண்ணுக்கு ஞானத்தகப்பன் இவருதான்னு.

அதுக்கு என் நாத்தனா ருஃபினா என்ன சொன்னா தெரியுமா? "ஏன் மதினி, இந்த ஊர்ல கத்தரி புடிக்கிற கையே இல்லியா? கடல் தாண்டி ஆள் கூட்டிட்டு வரணுமா?" அவ புருசன கூப்பிடலேங்கற எரிச்சல். அவரு கத்தரி புடிச்சா என் பொண்ணுக்குக் காது மிஞ்சாது, அது வேற விசயம். இப்ப ருஃபினா எங்க வீட்டு முத்தத்துல உக்காந்துகிட்டு வாயே தொறக்காம சிரிக்கிறா. வாயத் தொறந்து ஏதாவது சொன்னாலாவது பதில் சொல்லலாம்!

என்ன... போன் போட்டேனான்னா? போட்டேன் போட்டேன். அந்தப் பள்ளத்தாக்குல சிக்னல் எங்க இருக்கு? கழுகுக்குத்தான் கெடைக்கும்.

எங்க போனாரா? அருவி பாக்கப் போனாரு. கீழ, பழைய கல்பாதையில எறங்குனா வரும். யார் போகச் சொன்னதா? யாரோ சொல்லியிருப்பாங்க. ஊர்னா நாலு பேரு நாலு சொல்லத்தானே செய்வாங்க. அத விடுங்க.

ஆள் விட்டு விசாரிச்சேன். பத்து மணிக்கு உருளைக்கெழங்கு தோண்டிட்டிருந்த பெர்னர்தினா பாத்திருக்கா. "அம்மா, அருவி எவ்வளவு தூரம்"னு கேட்டிருக்காரு. அவ "இந்தா, இங்கனதான்"னிருக்கா. ரெண்டு பிஸ்கோத்து குடுத்து, நன்றி சொல்லி, நோட்டுல எழுதிக்கிட்டுப் போயிருக்காரு. பதினொரு மணிக்கு ஆட்டுக்கார ஹசிந்தோ. "எவ்வளவு தூரம் ஐயா?" "கூப்பிடு தூரம்." அதையும் எழுதிக்கிட்டாரு. அப்புறம் செங்கல் அறுக்கிற அண்ணன் தம்பிங்க. "அந்த வளைவு திரும்புனா தெரியும்."

ஏன் இப்படிப் பாக்கறீங்க? வேற என்ன சொல்றது? நடந்து வேர்த்து வர்ற மனுசன்கிட்ட 'இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு'ன்னு சொல்ல வாய் வருமா? மனசு விட்டுப் போயிடாது? அதெல்லாம் நாங்க சொல்ல மாட்டோம். வளத்தவங்க அப்படி வளத்திருக்காங்க. பக்கம்னு சொன்னா கால் தானா நடக்கும். உங்க ஊர்ல எப்படியோ.

ஆனா கேளுங்க கூத்த! இந்த மாசத்துல அந்த அருவியில தண்ணி எங்க இருக்கு? குதிரை ஒண்ணுக்குப் போனா அதவிட ஜாஸ்தி வரும்! அந்த மனுசன் அருவியத் தாண்டியே போயிட்டாரு, அதான் அருவின்னு தெரியாம. தாண்டிப் போயி, அந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்குத் தண்ணி பாச்சுற ஒரு அம்மாவக் கேட்டிருக்காரு. அந்த அம்மா 'ஐயா, நீங்க விட்டுட்டு வந்துட்டீங்க, திரும்பி மேல ஏறுங்க'ன்னு சொல்லணுமா இல்லியா? அதெப்படி சொல்றது, எவ்வளவு வருத்தப்படுவாரு! "இந்தா, இங்கனதான்"னிருக்கா. கீழ நோக்கிப் போயிட்டாரு! ஒரு மணிக்கு வேன்காரன் ஒருத்தன் பாத்தானாம், உர்க்கியோஸ் ஊர் எல்லையில, நோட்டைக் கையில வச்சுக்கிட்டு, யாரையோ கேட்டுக்கிட்டு நிக்கிறாரு. உர்க்கியோஸ்! அங்க பீச் பழமே காய்க்கும், அவ்வளவு கீழ!

இன்னொரு இலை வேணுமா? வைங்க வைங்க. மூச்சு இப்ப சீராயிருக்கு. எந்திரிக்காதீங்க, தலை சுத்தும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரருக்கு பஸ்ஸு. அதான் தம்பி இப்படி அடிச்சுக்கறேன். சில்வேரியோ சுரங்கத்துல வேலை பாக்கறாரு, தெக்க, ரொம்ப தூரம். இந்தத் தடவ ஒரே ஒரு நாள்தான் லீவு விட்டாங்க. போன லீவுக்கும் மூணு மாசம் ஆச்சு. பொண்ணு நடந்தது, பேசுனது, பல்லு மொளச்சது, எதையும் அவரு கண்ணால பாக்கல. எல்லாம் நான் போன்ல சொல்லித்தான் தெரியும். "முடி வெட்டறதையாவது பாத்துப்புடறேன் பெத்ரோனிலா"ன்னாரு. அதுக்காகவே ராத்திரி பூரா பஸ்ல வந்து காலையில ஏழு மணிக்கு எறங்குனாரு. இப்ப மணி மூணு! ஆறு மணிக்குள்ள அந்த நெட்டை மனுசன் வரலேன்னா...

சரி. சொல்லிப்புடறேன். நீங்க லிமாவுக்குப் போயிடுவீங்க, இங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க.

பத்திரிகையில ஒன்பது மணின்னுதான் அடிச்சிருந்தோம். ஒன்பதுன்னா என்ன அர்த்தம்? பன்னெண்டு. பச்சக் கொழந்தைக்குத் தெரியும்! ஒன்பதுன்னு போட்டாத்தான் பன்னெண்டுக்காவது வருவாங்க. பன்னெண்டுன்னு போட்டா மறுநாள்தான் வருவாங்க. இவரு என்னடான்னா, ஒன்பதுக்கு வந்து கதவத் தட்டறாரு! ஒன்பது மணிக்கு! கையில பூங்கொத்து, கழுத்துல டை. நானு எந் தலையப் பாதி பின்னி, மீதிய விரிச்சுப் போட்டு நிக்கிறேன், ஒரு கையில விருந்துக்கு வறுக்க வேண்டிய கூய் எலி ஒண்ணு உயிரோட கத்திக்கிட்டு இருக்குது, அது இன்னும் அடுப்புக்கே போகல. முத்தம் கூட்டல. நாற்காலி வரல. எங்க உக்கார வைக்கறது?

உள்ள எட்டிப் பாத்தேன். சில்வேரியோ பூட்ஸைக்கூடக் கழட்டல, அப்படியே கட்டில்ல சாஞ்சு தூங்கிட்டாரு. பக்கத்துல இலாரியா. அவ முடி பூராவும் அவரு கை மேல போர்வ மாதிரி கெடக்கு. தம்பி, எனக்கு என்னமோ ஆயிப் போச்சு. அழுதுட்டேன். அந்த முடியோட அவளப் பாக்கறது இன்னைக்குத்தானே கடைசி. இன்னும் ஒரு மணி நேரம் தூங்கட்டுமே, ரெண்டு பேரும் இப்படியே கெடக்கட்டுமேன்னு தோணிச்சு. இந்த மனுசன் உள்ள வந்தா எழுப்பணும்.

அதான்... நான்தான் சொன்னேன். "ஐயா, அருவி பாத்திருக்கீங்களா? பாத்துட்டு வாங்களேன். இந்தா, இங்கனதான்."

சிரிக்காதீங்க! மூச்சு வாங்கும்!

பொண்ணு கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சா, சடை பின்னிட்டேன். அவரை இன்னும் எழுப்பல. ஆமா, இன்னும்தான். சுரங்கத் தூக்கம், இடி விழுந்தாலும் முழிக்க மாட்டாரு. ஆனாலும் வாத்தியக்காரங்க நாலு பேரையும் மேளத்த மடியில வச்சுக்கிட்டு கம்முனு இருங்கன்னு உக்கார வச்சிருக்கேன். ஒரு மணியிலேர்ந்து இருக்காங்க. அறுபது விருந்தாளிங்க குசுகுசுன்னு பேசிக்கிட்டு சோளக் கள்ளு குடிக்கிறாங்க. எழுப்பி என்னன்னு சொல்றது? 'உங்க பொண்ணோட ஞானத்தகப்பன நான்தான் மலைக்குக் கீழ உருட்டி விட்டேன்'னா?

இருங்க. அது என்ன சத்தம்?

கீழ் சந்துல... செவருக்கு அந்தப் பக்கம்... யாரோ ஆடு ஓட்டிட்டு வர்றாங்க. ஹசிந்தோ ஆடுதான் அது. ஹசிந்தோ எதுக்கு இந்நேரத்துல... அட, பெர்னர்தினா! செங்கக்காரனுங்க ரெண்டு பேரும்! தம்பி, நடுவுல பாருங்க, மஞ்சத் தொப்பி! கழுத மேல! கால் ரெண்டும் தரையில இழுபடுது! ஐயோ, மூஞ்சி வெந்த பீட்ரூட்டு மாதிரி ஆயிருக்கே! வந்துட்டாரு! மாதாவே, வந்துட்டாரு!

இவங்க எல்லாம் ஏன் கூட வர்றாங்க? ஓ... அப்படியா சங்கதி. திரும்பி வர்றப்ப வழி சொன்ன ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு நன்றி சொல்லியிருப்பாரு, இன்னைக்கு முடி வெட்டு விருந்துன்னும் சொல்லியிருப்பாரு. போதாதா? உர்க்கியோஸ் சோளக்காட்டு அம்மா கூட வருது, தலையில கூடையோட! முப்பது பேரு இருப்பாங்க போலயே! கூய் இருபதுதான் வறுத்திருக்கேன், தம்பி! இருபது! அதுல ரெண்டு கருகிப் போச்சு!

எந்திரிங்க எந்திரிங்க, நீங்களும் வாங்க, மூச்சு நல்லாத்தான் வருது. கையக் குடுங்க. நான் ஓடிப் போயி என் வீட்டுக்காரர எழுப்பணும், மூஞ்சி கழுவ வைக்கணும், மேளத்த அடிக்கச் சொல்லணும். மூணு மணி நேரம் இருக்கு. தாராளம்! பொண்ணு தலையில கத்தரி படறத அப்பன் பக்கத்துல நின்னு பாப்பான்!

என்ன? ஏன் இவ்வளவு நேரம் எழுப்பலேன்னு அவரு கேட்டா என்ன சொல்வேன்னா? கேப்பாரு, கேக்காம இருப்பாரா? சொல்றதுக்கா பதில் இல்ல. ஞானத்தகப்பன் இப்பத்தாங்க வந்தாரு, இந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு நேரங்காலமே தெரிய மாட்டேங்குதுன்னு சொல்லிப்புடுவேன்.