ஷோகேஸில் ஒரு பெண்

முனியப்பன்: ஷோகேஸ் படத்தைக் கழட்டுடா ஓஸ்வால்ட்! ஜல்தி! ஜட்கா நின்னுடுச்சு... மனுஷன் எறங்குறாரு!

ஓஸ்வால்ட்: ஆணி வரமாட்டேங்குது மேன்! அல்சூர்லயே இல்லாத பெரிய பிரேமா போடுன்னு சொன்னது யாரு? நீதானே!

முனியப்பன்: பாக்டரி ஆபீசரே நேர்ல வருவாருன்னு எவன் கண்டான்? ரெண்டாயிரம் தொழிலாளிக்கு கேட் பாஸ் போட்டோ... அந்த ஆர்டர்ல கையெழுத்து விழுந்தா நம்ம ஸ்டூடியோ எங்கியோ போயிடும்!

ஓஸ்வால்ட்: விழலேன்னா?

முனியப்பன்: நீ பழையபடி கல்யாணத்துல பேண்டு வாசி. நான் மார்க்கெட்டுல மூட்டை தூக்கறேன். இழு!

ஓஸ்வால்ட்: இந்தப் படம் மாட்டினப்புறம்தான் கடைக்கு ஜனமே வந்துச்சு. அதுவரைக்கும் ஈ ஓட்டினோம்.

முனியப்பன்: பொண்ணு படத்தை ஷோகேஸ்ல வெக்க எந்த வீட்டுல விடறாங்க? இது ஒண்ணு கெடைச்சதே அதிர்ஷ்டம். ஆனா இவரு கண்ணுல மட்டும் படக்கூடாது...

ஓஸ்வால்ட்: பேரை வெளியே விடமாட்டோம்னு சத்தியம் பண்ணியிருக்கேன். வீட்டுல தெரிஞ்சா தோலை உரிச்சிடுவாங்களாம்.

முனியப்பன்: சும்னே இரு, பேசாதே... பாத்துட்டாரு. கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிக்கறாரு. செத்தோம்!

சீனிவாசராகவன்: யாருப்பா இங்கே முதலாளி?

முனியப்பன்: நாங்க ரெண்டு பேருந்தான் சார்! வாங்க, உக்காருங்க! அந்த ஆர்டர்...

சீனிவாசராகவன்: ஆர்டர் கெடக்கட்டும். ஷோகேஸ்ல இருக்காளே, அந்தப் பொண்ணு யாரு?

ஓஸ்வால்ட்: எந்த... எந்தப் பொண்ணு சார்?

சீனிவாசராகவன்: என்ன லட்சணம்! என்ன அடக்கம்! என் பையன் ரங்காவுக்கு மூணு வருஷமா ஜாதகம் பாக்கறேன். எது வந்தாலும் தட்டிக் கழிக்கறான். இவளை வேண்டாம்பானா?

முனியப்பன்: வேண்டாம்னுதான் சார் சொல்லுவாரு...

சீனிவாசராகவன்: என்னது?

முனியப்பன்: ஒண்ணுமில்ல சார். தொண்டை கரகரப்பு.

சீனிவாசராகவன்: நம்ம மனுஷாளா?

ஓஸ்வால்ட்: உங்க ஜனந்தான் சார்.

சீனிவாசராகவன்: பேஷ்! எந்தப் பேட்டை?

ஓஸ்வால்ட்: மல்லேஸ்வரம்.

முனியப்பன்: வாயை மூடுடா...

சீனிவாசராகவன்: மல்லேஸ்வரமா! எங்க பேட்டைன்னா அது! பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார்! கோத்திரம்?

முனியப்பன்: உங்களுது என்ன சார்?

சீனிவாசராகவன்: பாரத்வாஜம்.

ஓஸ்வால்ட்: அதேதான் சார்! அச்சு அசல் அதேதான்!

சீனிவாசராகவன்: அடடா... போச்சே! ஒரே கோத்திரத்துல எப்படிக் கல்யாணம் பண்றது? அண்ணா தங்கை முறைன்னா ஆயிடும்!

முனியப்பன்: முடியவே முடியாதா சார்? ஐயோ பாவம்!

சீனிவாசராகவன்: நீ ஏம்ப்பா சிரிக்கறே?

முனியப்பன்: அழறேன் சார். என் மூஞ்சியே இப்படித்தான்.

சீனிவாசராகவன்: ம்... வந்த காரியத்தைப் பாப்போம். உங்க வேலை சுத்தம், அந்தப் படத்தைப் பாத்தாலே தெரியறது. இந்தாங்கோ, கையெழுத்துப் போட்டாச்சு. திங்கட்கிழமை காமிராவோட பாக்டரிக்கு வந்துடணும்.

ஓஸ்வால்ட்: தேங்க்யூ சார்! முனியா... ஆர்டர்டா! ஆர்டர்!

முனியப்பன்: குடு, குடு, பொட்டியில வெக்கறேன்! சார், ஜட்கா ரொம்ப நேரமா நிக்குது...

சீனிவாசராகவன்: இரு. பொட்டியை மூடாதே... மல்லேஸ்வரம். பாரத்வாஜ கோத்திரம். மூக்கு வேற எங்கம்மா மூக்கு! அப்போ தாயாதி வீட்டுப் பொண்ணுன்னா? எனக்குத் தெரியாம எந்தத் தாயாதி?

முனியப்பன்: பெங்களூர்ல மூக்குக்கா சார் பஞ்சம்...

சீனிவாசராகவன்: விலாசம் சொல்லு. இல்லே, ஆர்டரைத் திருப்பிக் குடு.

ஓஸ்வால்ட்: முனியா, சத்தியம்...

முனியப்பன்: பேரைத்தானே சொல்லக்கூடாது? விலாசம் சொன்னா தப்பில்ல. எட்டாவது கிராஸ் தெரு சார்...

சீனிவாசராகவன்: எங்க கிராஸ்!

முனியப்பன்: கோயிலுக்கு எதிர் வீடு. பச்சை கேட்டு...

சீனிவாசராகவன்: டேய், அது எங்காத்து விலாசம்! எங்காத்துல ஏதுடா பொண்ணு? நான், பாகீரதி, ரங்கா... மூணே பேர்தான் இருக்கோம்! என்ன, என் ஆம்படையாளையா ஷோகேஸ்ல வெச்சிருக்கேங்கறே?

முனியப்பன்: சார், சார்... கத்தாதீங்க, தெருவே பாக்குது! ஓஸ்வால்ட், இனிமே தாங்காதுடா. நீயே சொல்லிடு.

ஓஸ்வால்ட்: புடவை மட்டுந்தான் சார் அம்மாவோடது. நாடகத்துல நடிக்க அதைக் கட்டி, பொட்டு வெச்சுக்கிட்டு வந்து போஸ் குடுத்தது... உங்க ரங்கா.