வாய் மூடிப் பேசிய கரடி

— நிறுத்து! மொதல்ல அந்தக் கெரகத்த நிறுத்து அம்மிணி!

— நிறுத்திட்டேங்க. எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க? கரடி பேசணும்னுதானே குடுத்துட்டுப் போனீங்க. பேசுது.

— பேசோணும்னு சொன்னேன். என்ற கொரல்ல பேசோணும்னு சொன்னனா? இங்கிலீசுல கதை சொல்லோணும், கண்ண உருட்டோணும், வாயத் தொறந்து மூடோணும்னு இதே சேர்ல உக்காந்து சொன்னனா இல்லியா?

— சொன்னீங்க. ஆனா பாருங்க, நீங்க கரடி வயித்துல வெச்சுக் குடுத்த கேசட்டுல இங்கிலீசு ஒரு வார்த்தை கூட இல்ல. ரெண்டு பக்கமும் நீங்கதான். 'அர்த்தநாரி பேசறேன்'னு பேரு சொல்லித்தான் ஆரம்பிக்கவே ஆரம்பிக்கிறீங்க.

— அது எப்படி அதுல வந்துச்சு?

— என்னைக் கேக்கறீங்களா? இந்தாங்க, நீங்களே திருப்பிப் பாருங்க. மேல ரெண்டு ஓட்டை தெரியுதா? கம்பெனி கேசட்டுல வேற யாரும் மேல பதிஞ்சுடக் கூடாதுன்னு விடற ஓட்டை. அதுல எவரோ பஸ் டிக்கெட்ட மடிச்சுத் திணிச்சிருக்காங்க. திருச்செங்கோடு டு மல்லசமுத்திரம். நான் திணிக்கலீங்க.

— சரி, நாந்தான். இருவத்தாறு வருசமாச்சு. மச்சான் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த கரடி. அது இங்கிலீசுல பேசப் பேச எங்கூட்டுப் புள்ள அழுதுச்சு. நான் போர் போடற ரிக் வண்டியோட ராஜஸ்தான் கெளம்பறேன், திரும்பி வர ஆறு மாசமாவும். அதுக்குன்னு கரடியோட கேசட்ட ஹால்ல இருந்த டேப் ரிக்கார்டர்ல போட்டு, நானே கதை சொல்லிப் பதிஞ்சேன். அதுக்கென்ன இப்ப?

— அன்னையில இருந்துதானே கரடி வாய் அசையல?

— ஆமா. கொரலு வந்துச்சு, வாயும் கண்ணும் அப்படியே நட்டுக்கிச்சு. 'அப்பா, கரடி வாய மூடிக்கிட்டே பேசுது'ன்னு புள்ள கேட்டுச்சு. ஏமாத்துக்கார சாமானக் கொண்டாந்துட்டான்னு மச்சானப் புடிச்சு ஏசுனேன் நான்.

— அவரு ஏமாத்தல. அந்த நாடாவுல ரெண்டு தடம் ஓடும். ஒண்ணுல பேச்சு. இன்னொண்ணுல 'வாயத் தொற, மூடு, கண்ண உருட்டு'ன்னு உத்தரவு. நீங்க பதிஞ்சதும் ரெண்டும் அழிஞ்சு போச்சு. உத்தரவே இல்லாம அது எப்படி வாயத் தொறக்கும்?

— அப்ப கெடுத்தது நானுங்கற.

— நீங்கதான். பெல்ட்டு உருகி ஒட்டியிருந்துச்சு, பல் சக்கரம் ஒண்ணு வெடிச்சிருந்துச்சு. அதெல்லாம் வயசானதால. வாய அடைச்சது மட்டும் நீங்க. அதுக்காக நாலு நாளு உக்காந்து, உங்க ஒவ்வொரு சொல்லுக்கும் கம்ப்யூட்டர்ல புதுசா உத்தரவு எழுதி ரெண்டாவது தடத்துல ஏத்தியிருக்கேன். கொமாரபாளையத்துல பத்து வருசம் ஜக்கார்டு தறியோட எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பாத்த கை. எப்படி அசையுதுன்னு ஒரு தடவை பாத்துட்டாச்சும் திட்டுங்க.

— வேண்டாங்கறேன், காதுல உழுவுதா...

— 'ரஞ்சிதா சாமி, கண்ண மூடிக்கிச்சா? அப்பன் ராஜஸ்தான்ல இருக்கறேன். முன்னூறு அடி போயிட்டோம். வெறும் பொகையாத்தான் வருது. தண்ணி வந்தா மொத ஆளா உனக்குத்தான் சொல்லுவேன். இப்பத் தூங்கோணும். பைப்பு லாரி தூங்கிருச்சு, கம்ப்ரசரு தூங்கிருச்சு...'

— நிறுத்துடீ!

— டீ போட்டுப் பேசாதீங்க. நிறுத்தியாச்சு. காப்பி ஆறுது, குடிங்க.

— காப்பியும் வேண்டாம் ஒரு கெரகமும் வேண்டாம். இத அழி. இங்கயே, என்ற கண்ணு முன்னால அழி. அழிச்சுட்டு இங்கிலீசுக் கதை ஒண்ணு ஏத்திக் குடு. என்ற மவன் மோகன்குமாரோட பையன் சித்தார்த்து பெங்களூர்ல இருந்து லீவுக்கு வாரான். அவனுக்குத்தான் இது.

— தாத்தா கொரலக் கேட்டா அந்தப் பையன் சந்தோசப்படுவானே.

— சந்தோசப்பட்டுட்டு, 'ரஞ்சிதான்னா யாரு தாத்தா'ன்னு கேப்பான். நான் என்னன்னு சொல்றது?

— யாருங்க அது?

— மவ.

— இப்ப எங்க இருக்காங்க?

— செத்துட்டா. ஒம்பது வருசமாச்சு.

— எப்படிங்க? சீக்கா? ஆக்சிடெண்டா?

— கரடிய சரி பண்றவளுக்கு அதெல்லாம் எதுக்கு? அழின்னா அழி.

— நாலு நாளா அந்தப் பேரையே கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேங்க. எப்படிச் செத்தாங்கன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா?

— ஓடிட்டா. போதுமா? வேற சனத்துப் பையங்கூட ஓடிட்டா. மூணாம் நாளு கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சு, மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து சந்தை வரைக்கும் ஒட்டுனேன். மொட்டை போட்டு, கருமாதி பண்ணி, ஊருக்கே சோறு போட்டேன். என்ற கணக்குல அவ செத்துட்டா.

— போஸ்டர்ல எந்தப் போட்டோ போட்டீங்க?

— இதென்ன கேள்வி?

— சும்மா கேக்கறேன்.

— காலேஜ்ல பட்டம் வாங்குனது. அதுலதான் நல்லா இருந்தா.

— நல்லா இருக்குதுங்க நீங்க பண்ணுன வேலை. பட்டம் வாங்கி நிக்கற புள்ளைக்கு மேல 'இமயம் சரிந்தது'ன்னு அச்சடிச்சு ஒட்டுனீங்களா? உசுரோட இருக்கறவங்களுக்கு எள்ளுத் தண்ணி எறைக்கிறப்ப கை கூசல?

— நீ யாருடீ என்னையக் கேக்கறதுக்கு? இந்த ஒம்பது வருசம் நான் பட்டது உனக்குத் தெரியுமா? சொந்தம், ஒறம்பரை ஒருத்தன் மூஞ்சியில முழிக்க முடியல. நோம்பிக்குத் தேர் வடம் புடிக்க மொத ஆளாப் போயி நின்னவன், கதவச் சாத்திக்கிட்டு ஊட்டுக்குள்ள உக்காந்திருந்தேன். பாலு ஊத்த வாரவன் கூடச் சிரிச்சுக்கிட்டே போனான். அவ ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை எங்கிட்டச் சொன்னாளா?

— சொல்லியிருந்தா?

— காலை ஒடிச்சு ஊட்டுல போட்டிருப்பேன்.

— அதான் சொல்லல.

— அம்மிணி, எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்குது. வெளிய காரை வேற எவனோ ஊட்டு வாசல்ல நிறுத்திட்டு வந்திருக்கேன். பேச்ச வளக்காத. அழிக்கறயா, இல்ல இந்தக் கேசட்டப் புடுங்கி ஒடச்சுப் போடட்டுமா?

— ஒடைச்சா நாடாவ ஒட்டிக்கலாம். அழிக்கணும்னா முறைப்படி அழிக்கணும். ஆனா பாருங்க, இது ஃபோன்ல தட்டுனதும் போயிடற மாதிரி இல்ல. நீங்க எவ்வளவு நேரம் பேசுனீங்களோ, அவ்வளவு நேரம் ஓடித்தான் அழியும். ஒரு பக்கம் முப்பது நிமிசம்.

— ஓடட்டும். உக்காந்திருக்கறேன்.

— அமுக்க வேண்டியது நீங்க. என் கை அமுக்காது.

— என்ன திமிரு பாத்தியா! எங்க, எந்தப் பொத்தான்?

— அந்தப் பெரிய டெக்குல போட்டிருக்கேன் பாருங்க. செவப்பையும் அதுக்குப் பக்கத்துல இருக்கறதையும் சேத்து அமுக்கணும். அன்னைக்கு அமுக்குனீங்களே, அதே மாதிரி.

— இந்தா. அமுக்கியாச்சு.

— ஓடுது.

— சத்தத்தையே காணமே?

— அழியறப்ப சத்தம் வராதுங்க.

— எதுக்கு இப்படி என்ற மூஞ்சியவே பாக்கற? போயி வேற சோலியப் பாரு.

— 'அர்த்தநாரி பேசறேன்' போயிடுச்சு. 'கண்ண மூடிக்கிச்சா' போயிடுச்சு.

— என்ன பண்ற நீ?

— எந்த நிமிசத்துல என்ன வரும்னு எனக்கு மனப்பாடம். இப்ப முன்னூறு அடி, பொகை. பைப்பு லாரி தூங்கிருச்சு. கம்ப்ரசரும் தூங்கிருச்சு. அதுவும் போயிடுச்சு.

— வாய மூடு.

— இப்ப டிரைவர் சரவணமுத்து கொறட்டை விடறத நீங்க பண்ணிக் காட்டறீங்க. ரொம்ப நேரம் பண்றீங்க.

— மூடுன்னு சொல்றேன்!

— இந்த எடத்துல புள்ள சிரிக்குது.

— எந்தப் புள்ள?

— ரஞ்சிதாதான். நீங்க பதியறப்ப மடியில உக்காந்திருக்கும் போல. 'பொய் சொல்றீங்கப்பா, நீங்க ராஜஸ்தான்ல இல்ல, இங்கதான இருக்கறீங்க'ங்குது. நீங்க, 'ஸ்ஸ், பேசாத சாமி, பதியுது'ங்கறீங்க. அதுக்கு இன்னும் ஜாஸ்தியாச் சிரிக்குது. நீங்களும் சிரிச்சுடறீங்க.

— அவ கொரலும் அதுல இருக்குதா?

— இருந்துச்சு. இப்பத்தான் போச்சு.

— அத ஏன்டீ மொதல்லயே சொல்லல?

— செத்தவங்க கொரலு உங்களுக்கு எதுக்குங்க?

— நிறுத்து. ஏய், நிறுத்து. எந்தப் பொத்தான்? எதுல நிறுத்தறது?

— கடைசிப் பொத்தான்.

— நிக்கல... நீ அமுக்கு. அமுக்கு அம்மிணி!

— நின்னுடுச்சு.

— எவ்வளவு போச்சு?

— ஆறு நிமிசம்.

— அவ சிரிச்சது?

— அது பூரா போயிடுச்சுங்க.

— இரு, இரு. உன்ற கம்ப்யூட்டர்ல ஏத்தித்தான வாய் அசைய வெச்சேன்ன? அதுல இருக்குமல்ல?

— இருக்குது.

— சிரிச்சதும் இருக்குதா? பூராவுமா?

— பூராவும்.

— அடச்சீ! அப்ப எதுக்கு என்னைய அழிக்க உட்டு வேடிக்கை பாத்த? கெழவன் அழுவறானான்னு பாக்கறதுக்கா?

— நீங்க அமுக்க மாட்டீங்கன்னு நம்பித்தான் பொத்தானக் காட்டுனேன். கண்ணாத்தா அத்தை அடிச்சுச் சொன்னாங்க. 'அவரு கத்துவாரு, மேசையத் தட்டுவாரு, ஒடைக்கிறேம்பாரு. ஆனா அமுக்க மாட்டாரு கண்ணு'ன்னாங்க. நீங்க யோசிக்கக்கூட இல்லையே. இனி அவங்ககிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இதச் சொல்லுவேன்?

— கண்ணாத்தாளா? என்ற ஊட்டுக்காரி பேரு உனக்கு எப்படித் தெரியும்?

— இந்த அட்ரஸ உங்களுக்கு யாரு குடுத்தாங்க?

— அவதான். சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு பொண்ணு ஊட்டுல வெச்சே பழைய பொம்மையெல்லாம் சரி பண்ணுதாமான்னு...

— அவங்களுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சீங்களா? முட்டி வலிக்கு வைத்தியம்னு மாசா மாசம் பஸ் ஏறிச் சேலம் வர்றாங்களே, நேரா இங்கதான் வர்றாங்க. அந்தா, அந்தக் கட்டில்லதான் உக்காந்திருப்பாங்க.

— பொய் சொல்ற.

— என் பேரு சண்முகப்பிரியா. பொறந்த ஊரு மேட்டூரு. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி மூணு கார்ல ஆளுங்கள ஏத்திக்கிட்டு வந்து, தெர்மல் குவார்ட்டர்ஸ்ல ஒரு வீட்டுக் கதவ ஒடைச்சீங்களே, ஞாபகம் இருக்குதா? அது எங்கப்பா வீடு. நீங்க வந்தப்ப நான் கட்டிக் குடுத்த ஊருல இருந்தேன், அதான் என்னைத் தெரியல. நீங்க கட்டையால அடிச்சது என் தம்பிய.

— நீ... அவனுக்கு அக்காளா?

— ஆமாங்க.

— இந்த ஊட்டுலயா நான் காப்பி குடிச்சேன்?

— போன வாரம் ஒண்ணு. இன்னைக்குப் பாதி.

— எல்லாருஞ் சேந்து எனக்கு நாடகம் காட்டியிருக்கறீங்க. அவளும் சேந்துக்கிட்டு... ஒம்பது வருசமா என்ற பக்கத்துல உக்காந்து சோறு போட்டுக்கிட்டு, ஒரு நாளு, ஒரு வார்த்தை... என்னைய மட்டும் முட்டாளாக்கி...

— சொல்லியிருந்தா?

— வழிய உடு, நான் போறேன்.

— சொல்லுங்க. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? அவங்க காலையும் ஒடைச்சிருப்பீங்களா?

— எங்க இருக்கறா இப்ப?

— யாரு?

— வெளையாடாத. ரஞ்சிதா. எங்க இருக்கறா?

— கருமாதிச் சோறு போட்டவருக்கு அட்ரஸ் சொல்ல முடியாதுங்க. என் தம்பி தலையில பதினோரு தையல் போட்ட எடத்துல இன்னும் முடி மொளைக்கல. கோவம் உங்களுக்கு மட்டும்தான் வரும்னு நெனைக்காதீங்க. நாலு நாளு உங்க கொரலக் கேட்டு வேலை செஞ்சேன். பெத்த புள்ளைய இப்படிக் கொஞ்சுன மனுசனா கட்டையத் தூக்கிக்கிட்டு வந்தாருன்னு, ராவும் பகலும் எனக்கு வயிறு எரிஞ்சுது.

— நல்லா இருக்கறாளா? அத மட்டுமாச்சும் சொல்லு.

— நல்லா இருக்கா.

— அப்ப... இத எதுக்கு என்ற கையில குடுத்து அனுப்புனா கண்ணாத்தா? பரண்ல இருந்து எறக்கி, தொடச்சு, சித்தார்த்துக்குன்னுதான குடுத்தா?

— சித்தார்த்துக்குப் பன்னெண்டு வயசு. ஃபோன விட்டுத் தலைய நிமுத்த மாட்டேங்கறான்னு போன வாரம் நீங்கதானே சொன்னீங்க. அவன் கரடிய வெச்சு என்ன பண்ணப் போறான்?

— அவனுக்கு இல்லீன்னா வேற யாருக்கு?

— ரஞ்சிதா பொண்ணுக்கு. ஆறு வயசாகுது. தாத்தா பாட்டி தினத்துக்கு எல்லாரோட தாத்தாவும் ஸ்கூலுக்கு வந்தாங்களாம். வீட்டுக்கு வந்து அம்மாகிட்டக் கேட்டிருக்குது: 'செத்துப் போன நம்ம தாத்தா எப்படிம்மா பேசுவாரு?'