ஒண்ணாம் நம்பர் வண்டி

மயிலாப்பூர் குளத்துப் பஸ் ஸ்டாப்பில், கார் டிரைவருக்கான வெள்ளைச் சீருடையில் நின்றிருந்த ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் கத்தினார்:

"இனிமே ஒண்ணாம் நம்பர் வண்டியத் தொடவே மாட்டேன் மச்சி!"

"இன்னா ஆச்சு?"

"லட்ச லட்சமா கொட்டி அந்த நம்பர வாங்கினான் எங்க ஓனரு. தெனமும் வண்டியக் கழுவினதும் நம்பர் பிளேட்டத் தொடச்சு சந்தனப் பொட்டு வெக்கணும். நேத்து எனக்கு லீவு. அவனே ஓட்டிக்கினு போய், ஆழ்வார்பேட்டைல ஒரு பூக்காரம்மாவ இடிச்சிட்டு நிக்காம வந்துட்டான்."

"ஐயோ! அந்தம்மா?"

"கால் ஒடஞ்சி ஆஸ்பத்திரில கீது. வேற நம்பரா இருந்தா எவனுக்கு ஞாபகம் இருக்கும்? இது ஒண்ணாச்சே, தெருவே சொல்லிச்சு. காலைல ஓனரு வீட்டுக்குப் போலீஸ் வந்துட்டாங்க. இப்ப, நான்தான் ஓட்டுனேன்னு ஸ்டேஷன்ல சொல்லணுமாம்!"

"நீ இன்னா சொன்ன?"

"ஊரே பாக்கணும்னு தானே வாங்கின, பாத்துட்டாங்க இல்ல, நீயே போய் நில்லுன்னேன். சாவிய அவன் டேபிள் மேல வீசிட்டு வந்துட்டேன்."

பஸ் வந்தது. நண்பர் கேட்டார்: "இப்ப எங்க போற?"

"ஸ்டேஷனுக்குத்தான். ஓட்டுனது யாருன்னு சொல்றதுக்கு."