அங்கிளே சொல்லட்டும், ஆன்ட்டி

அதெல்லாம் வாய்ப் பேச்சுதாம்மா, தேன்மொழி! அந்த மீட்டிங்குல “உங்க கருத்துதான் எங்களுக்கு முக்கியம்”னாங்க. முக்கியம்னா கேக்கணுமா இல்லையா? நான் சொன்னதுல ஒண்ணயாச்சும் கேட்டிருந்தா, நீ இந்நேரம் என் வூட்டுக்காரரக் குளிப்பாட்ட வந்திருப்ப. இப்ப பாரு... கோப்பிக்கடைக்குக் கூட்டிட்டுப் போக வந்து நிக்கிற!

உன்னையக் குத்தம் சொல்லல லா. பராமரிப்பு நிலையத்துல அனுப்புனா நீ வரத்தான வேணும். உக்காரு. பசியாறிட்டியா? ஏன் வாசலயே பாக்குற? அவரு எங்கயும் ஓடிற மாட்டாரு. வெள்ளன எழுந்து, பெட்டியில கெடந்த சட்டய எடுக்கச் சொல்லி மாட்டிக்கிட்டு, வீல்ச்சேர்ல உக்காந்திருக்காரு பாத்தல்ல... புது மாப்பிள்ள கெணக்கா!

ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து வலது கையி, வலது காலு ரெண்டும் வராது. பேச்சு வரும். வராம இல்ல. ஆனா ஒரு வார்த்த வர்றதுக்குள்ள நம்ம சிகாமட் ஸ்டேஷனுக்கு ரயிலு வந்து, ஆள ஏத்திக்கிட்டுப் போயிரும். அதனால அவருக்கும் சேத்து நானே பேசிர்றது. தண்ணி வேணுமா, நான் சொல்லுவேன். தல வலிக்குதா, நான் சொல்லுவேன். அவருக்கு என்னா வேணும்னு அவர விட எனக்குத்தாம்மா நல்லாத் தெரியும்!

அப்பறம்தான் இந்த மீட்டிங் வந்துச்சு. வீட்டுக்கு ஆள் அனுப்புற சேவை ஒண்ணு ஆரம்பிக்கிறாங்களாம். அது எப்டி இருக்கணும்னு ஆபீஸ்ல உக்காந்து முடிவு பண்ண மாட்டாங்களாம். அனுபவப்பட்டவங்கதான் வந்து சொல்லணுமாம். அடடா, காதுக்கு என்னா குளுமை! ஹோட்டல்ல நடத்துனாங்க. ஏர்கோன் போட்டு வெடவெடன்னு நடுங்க வுட்டாங்க. ஒரு கையி வராதவங்களயெல்லாம் கூப்புட்டு வச்சு, கரண்டியில சுத்திச் சுத்திச் சாப்புடுற மீ கோரேங் குடுத்தாங்க பாரு, அங்கயே தெரிஞ்சிபோச்சு எனக்கு இவங்க அறிவு!

அவரு கழுத்துல ஒரு அட்டைய மாட்டுனாங்க. “தங்கராஜு, அனுபவ ஆலோசகர்.” கால்ல எந்தச் சிலுவாரு மாட்டுறதுன்னு என்னையக் கேக்குற மனுசன் ஆலோசகரு! சரி, எனக்கும் ஒண்ணு மாட்டுனாங்க. என்னா எழுதியிருந்துச்சு தெரியுமா? “உடன் வந்தவர்.” பேரு கெடயாது! ராத்திரியில புரட்டிப் படுக்க வைக்கிறது யாரு? உடன் வந்தவர். கால் கழுவி வுடுறது? உடன் வந்தவர். நல்லா வந்தேன் போ, உடன்!

அங்க சாந்தினின்னு ஒரு பொண்ணு, அதுதான் மீட்டிங்க நடத்துச்சு. “மிஸ்டர் தங்கராஜு, காலையில உங்களுக்கு என்ன ஒத்தாச வேணும்?”னு கேட்டுச்சு. குளிப்பாட்டணும்னு நான் சொன்னேன். “என்ன சாப்புடுவீங்க?” கஞ்சின்னேன். “வெளிய போக விருப்பமா?” விருப்பமே கெடயாதுன்னேன். மளமளன்னு முடிச்சிக் குடுத்திட்டு இருக்கேன், அந்தப் பொண்ணு எழுதுறத நிறுத்திருச்சு. “அங்கிளே சொல்லட்டும், ஆன்ட்டி. நாங்க காத்திருக்கோம்.”

அலமாக்! அத்தன சனமும் காத்திருக்கு. இவருக்கு வாயி கோணுது, நெத்தியெல்லாம் வேர்க்குது. எனக்குப் பாக்க முடியல. நான் சொல்லிர்றேன்னு வாயத் தொறந்தேன். நல்ல கையால மேசையில டொம்முன்னு ஒரு தட்டு! என்னைய வாய மூடச் சொல்லித்தான். எல்லார் முன்னாடியும்!

“கோ... கோப்பி”ன்னாரு. கோப்பி வேணுமாம், கொண்டாங்கன்னேன். தலய ஆட்டுறாரு. “க... கடை”ன்னாரு. ரொம்ப நேரங்கழிச்சு, “கூட்டாளிங்க”ன்னாரு. அப்பறம் என்னையப் பாத்தாரு. “இவ... வேணாம்.”

கை தட்டுறாங்கம்மா! மண்டபமே தட்டுது! சாந்தினி பெரிய தாள்ல பச்ச மையில எழுதுறா. பின்னால ஒரு சீன அங்கிள் எழுந்து நின்னே தட்டுனாரு. பக்கத்துல அவரு பொண்டாட்டி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்துச்சு. அது ஒண்ணுக்குத்தான் என் கஷ்டம் புரிஞ்சிச்சு.

கடைக்குப் போறத நான் ஏன் வேணாங்கிறேன்? கெட்டவளா நானு? ஆஸ்பத்திரியில இருந்து வந்த புதுசுல ரொட்டி சானாய் கேட்டாரு. பாவமா இருந்துச்சு, ஒரு துண்டு குடுத்தேன். தொண்டையில அடச்சிருச்சும்மா. மூஞ்சியெல்லாம் நீலம் பாரிச்சு... நான் முதுகுல குத்துறேன், குத்துறேன், கத்துறேன், ஒரு ஆளு வரல. அன்னிக்குப் புடிச்ச கஞ்சிதான். இப்ப பேச்சுப் பயிற்சி குடுக்குற அம்மா சொல்றாங்க, விழுங்குறது நல்லாயிருச்சு, பொறுமையா எதையும் சாப்புடலாமாம். சொல்லிட்டுக் காடியேறிப் போயிருவாங்க. தொண்டைய நான்ல பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்!

என்னா கேக்குற? மீட்டிங்குக்கு யாரு அவரு பேரக் குடுத்ததா?

...நாந்தான். வேற யாரு குடுப்பா? அனுபவப்பட்டவங்க வந்தாத்தான் சேத்துக்குவோம்னுட்டாங்க. சரி, அவர முன்னால தள்ளிக்கிட்டுப் போனா, நம்ம பேசிட்டு வந்திரலாம்னு பாத்தேன். எனக்கும் சொல்ல நெறயா இருந்துச்சும்மா. எங்கிட்ட யாரு வந்து கேட்டா?

சரி, இரு. கஞ்சிய ஃபிளாஸ்க்ல ஊத்தித் தர்றேன். கடையில அவரு என்னாத்தக் கேட்டாலும் குடுத்திராத. கேக்குதா? அடுப்படியில இருந்து கத்துறேன்ல, கேக்குதா? நிமிந்து உக்காந்து சாப்புடச் சொல்லு. முழுங்கிட்டாரான்னு பாத்துட்டு அடுத்த வாயி... தேன்மொழி?

ஏய்... எங்க ஆளக் காணோம்? வாசல்ல இவரையும் காணோம்! பாரேன், உடன் வந்தவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாம...

தோ, முச்சந்தியில நிக்கிறாங்க. ஏன் நிக்கிறாங்க? என்னாச்சு? அந்தப் புள்ள அவரு வாய்கிட்டக் குனிஞ்சி நிக்கிதே... கடவுளே...

இல்ல. பேசுறாரு. கைய நீட்டி என்னமோ காட்டுறாரு. பின்னால காடிக்காரன் ஹாரன் அடிக்கிறான். புள்ள நகர மாட்டேங்குது, கேட்டுக்கிட்டு நிக்கிது. இன்னும் முடிக்கல அவரு. இன்னும்... இன்னும்...

சிரிக்கிது. ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.

என்னாத்தச் சொன்னாரு?