எண்ணெய் உறைய வேண்டிய வீடு

எப்சிபா: ...இல்லங்க, இன்னும் உருகித்தான் கெடக்கு.

ஜெபமணி: நல்லாப் பாருட்டி. அடியில லேசா வெள்ளையா...

எப்சிபா: அது பாட்டில்ல ஒட்டுன பேப்பரு. தேங்காண்ணெ தண்ணியாட்டம் ஓடுது. வேணும்னா சொல்லுங்க, ரெண்டு அப்பளம் பொரிச்சுத் தாரேன்.

ஜெபமணி: சித்திரை மாசம், மத்தியானம் ரெண்டு மணி. செத்த பொறுக்கணும்லா. மொட்டமாடித் தட்டுல வெள்ளை பெயிண்டு அடிச்சு இன்னைக்கித்தான் மூணா நாளு.

எப்சிபா: நான் பொறுப்பேன். எங்க அக்கா பொறுப்பாளா? மேல எஸ்டேட்டுல நாப்பது வருசம் தேயில பறிச்சவ. சித்திரையிலயும் கம்பளி போத்திக்கிட்டுப் படுத்தவ. அவளக் கொண்டாந்து இந்த மாடி ரூம்ல விட்டா ரெண்டே நாள்ல வத்தலாக் காஞ்சிருவா.

ஜெபமணி: அதுக்குத்தான இந்தப் பாடு. இல்லன்னா நம்ம தட்டுல நான் எதுக்கு ஏறப் போறேன்?

எப்சிபா: அதச் சொல்லுங்க! சீவலப்பேரியில இருந்து நாங்குநேரி வரைக்கும் ஊர்ல உள்ள தட்டையெல்லாம் கூலிங் டைல்ஸ் ஒட்டிக் குளுர வைக்கிய. சொந்த வீடு மட்டும் பதினஞ்சு வருசமா அடுப்பு.

ஜெபமணி: ஊரான் வீட்டு வேலைய நேரத்துக்கு முடிக்கணும். நம்ம வீடு எங்க ஓடிப் போவப் போகுது?

எப்சிபா: வீடு ஓடாது. அக்கா ஓடிருவா. எஸ்டேட்ட மூடியாச்சு, சனமெல்லாம் எறங்கியாச்சு. இவ மட்டும் கம்பெனி குடுத்த அந்த லயத்து வீட்டப் புடிச்சுக்கிட்டுக் கெடக்கா. கேட்டா, "வால்பாறையில என் சேக்காளி இருக்கா, அங்கன போயிருவேன்"ங்கா. இந்த வயசுல, தொணைக்கு ஆளு கிடையாது, அங்கன போயி மறுபடியும் கூடையத் தூக்கப் போறாளாம்.

ஜெபமணி: மதினி சொன்னத சரியாச் சொல்லு. ஒரு வார்த்தை விடாம.

எப்சிபா: எத்தன தடவ சொல்ல? "ஒங்க வீட்டுல என்னைக்குத் தேங்காண்ணெ பாட்டில்லயே உறையுதோ, அன்னைக்கு வாரேன்"னா.

ஜெபமணி: அதான். அளவு குடுத்துட்டாவ. எனக்கு அளவு குடுத்தாப் போதும், வேலைய முடிச்சிருவேன்.

எப்சிபா: நீங்க முடிச்சிய! அங்கன காலையில எந்திச்சா எண்ணெ கல்லாக் கெடக்கும், அடுப்போரம் வச்சு உருக்கித்தான் தலைக்குத் தேய்க்கணும். இது சீவலப்பேரி. இங்கன மனுசனே உருகுதான்.

ஜெபமணி: பேசாம ஏசி வச்சிருவமா?

எப்சிபா: போன வருசம் கல்யாண மண்டபத்துல ஏசியில ஒரு மணி நேரம் இருந்தா. மூக்கடைச்சு நாலு நாளு. "அது பொணத்துக்குப் போடுத குளிரு, எனக்கு வேண்டாம்"னுட்டா.

ஜெபமணி: அப்பம்... சும்மா வாங்க மதினின்னு நான் ஒரு போனப் போட்டா என்ன?

எப்சிபா: இந்த வெக்கைக்கா? வந்து ஒரு நாளு இருந்துட்டு ஓடுனாள்னா, பொறவு இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டா. எனக்கு இருக்கது ஒரே அக்கா. ஒரு தடவதான் கூப்புடுவேன். அந்த ஒரு தடவையில அவ தங்கிறணும்.

ஜெபமணி: சரி சரி, கண்ணத் தொடச்சுக்கிடு. மூணு வழி இருக்கு. ஒண்ணு, ரூமுக்குள்ள தெர்மாகோல் அடிச்சு ஃபால்ஸ் சீலிங்.

எப்சிபா: ஸ்ரீவைகுண்டத்துல அந்தப் பல்லு டாக்டரு வீட்டுல போட்டியளே, அதுவா? அதுக்குள்ள எலி குடும்பம் நடத்துதுன்னு அந்தம்மா போன் போட்டு ஏசுனாள்லா?

ஜெபமணி: அது... எலி வளக்குதவங்க தப்பு. சரி, அது வேண்டாம். ரெண்டாவது, வெறும் டைல்ஸ். மூணாவது, தட்டு மேல ஒரு கெட்டி ஃபோம் சீட்டு, அதுக்கு மேல சிமெண்டு, அதுக்கு மேல டைல்ஸ். மேல அடிக்க வெயிலு மேலயே நின்னுக்கிடும். தட்டுக்கு எறங்காது.

எப்சிபா: அப்பம் மூணாவது.

ஜெபமணி: வேலை அதிகம்ட்டி. பத்துப் பன்னெண்டு நாளாவும்.

எப்சிபா: ஆவட்டும். நேத்துக்கூடப் பேசுனா. "இங்கன ஒரே பனி, போர்வைக்குள்ள இருந்துதான் பேசுதேன்"னா. முன்னெல்லாம் டவரு கெடைக்காம விட்டு விட்டுக் கேக்கும். நேத்து அடுத்த வீட்டுல இருந்து பேசுத மாதிரி அம்புட்டுத் தெளிவு.

ஜெபமணி: புதுசா டவரு போட்டிருப்பான்.

எப்சிபா: இருக்கும்.

*

ஜெபமணி: பைய... பைய மிதி. சீட்டு நொறுங்கிரும்.

எப்சிபா: என்னப் பாத்தா ஆனை மாதிரியா இருக்கு?

ஜெபமணி: நான் வாயத் தொறக்கவே இல்லையே.

எப்சிபா: அந்தச் சந்துல கலவை வைக்கலியே?

ஜெபமணி: எதுல?

எப்சிபா: இந்தா, ரெண்டு சீட்டுக்கு நடுவுல விரலு போவுது. இது வழியா எங்க அக்கா மேல வெயிலு எறங்கும்லா?

ஜெபமணி: ஏ எம்மா, இருவது வருசமா இந்த வேலை பாக்கேன். ஒரு வீட்டுக்காரனும் சந்துல விரல விட்டுப் பாத்தது இல்ல.

எப்சிபா: அவுகளுக்கு அக்கா வரல. அடைங்க.

ஜெபமணி: அடைக்கேன். அந்த மேக்குச் செவுத்துக்கும் வெளிய வெள்ளை அடிச்சிருதேன். சாயங்கால வெயிலு அதுலதான் இருந்து வதைக்கும்.

எப்சிபா: அதுவும் செய்யுங்க. ...ஏங்க.

ஜெபமணி: என்ன?

எப்சிபா: ஒண்ணுமில்ல. முதுகெல்லாம் கருத்துப் போச்சு ஒங்களுக்கு. மோரு கொண்டாரவா?

*

ஜெபமணி: கால வச்சுப் பாத்தியா?

எப்சிபா: ஜில்லுன்னு இருக்கு. நெசமாவே. மத்தியானத்துல இந்த ரூம்ல படுத்துத் தூங்கிட்டேன்னா பாத்துக்கிடுங்க.

ஜெபமணி: வெளிய இருக்கதுக்கு உள்ள அஞ்சு டிகிரி கம்மி. நாங்குநேரியில அந்தப் பெரிய வீட்டுல கூட மூணுதான் கொறஞ்சுது.

எப்சிபா: எண்ணெ?

ஜெபமணி: மேக்குச் செவுரும் இப்பம் சுடல.

எப்சிபா: கேக்கேன்லா. எண்ணெ?

ஜெபமணி: ஓடுது.

எப்சிபா: ஓடுதா...

ஜெபமணி: உறையாதுட்டி. அந்த மலையவே பேத்துக் கொண்டாந்து மொட்டமாடியில வச்சாத்தான் உறையும். நானும் பாத்துட்டேன்.

எப்சிபா: அய்யோ, நான் உறைஞ்சிருச்சுன்னு சொல்லிட்டனே!

ஜெபமணி: யாருட்ட?

எப்சிபா: அக்காட்ட. இப்பந்தான் போன்ல. "அப்பம் நாளைக்கே பாக்க வாரேன்"னுட்டா.

ஜெபமணி: யாரக் கேட்டுட்டி சொன்ன?

எப்சிபா: வாயில வந்துருச்சு. இம்புட்டு வேலை பாத்திருக்கிய, ஒரு எண்ணெ பாட்டிலுக்காவ அவ வால்பாறைக்குப் போவணுமா? ஏசணும்னா ஏசுங்க, வாங்கிக்கிடுதேன்.

ஜெபமணி: ஃபிரிட்ஜ்ல எடம் இருக்கா?

எப்சிபா: எதுக்கு?

ஜெபமணி: மாவுச் சட்டிய வெளிய எடு.

*

சாரம்மாள்: படியில கூட வெள்ளை அடிச்சிருக்கிய. கண்ணு கூசுது.

ஜெபமணி: மதினி, செருப்பக் கழத்திட்டுக் கால வைங்க. தரை எப்படி இருக்கு?

சாரம்மாள்: அட! ஜில்லுன்னுல்லா இருக்கு. வெளிய மண்டையப் பொளக்குது, இங்கன... ஏளா எப்சி, நல்லாருக்குட்டி.

எப்சிபா: எல்லாம் அவுக கையாலதான் ஒட்டுனாவ. வேற ஒரு ஆளத் தொட விடல. நானும் சந்து சந்தா விரல விட்டுப் பாத்து அடைக்கச் சொன்னேன்.

ஜெபமணி: மேல டைல்ஸு மதினி, அதுக்கடியில ஒரு சீட்டு, அந்தச் சீட்டு என்ன செய்யும்னா...

எப்சிபா: அவளுக்குப் பாடம் எடுத்தது போதும். எண்ணெயக் காட்டுங்க. வெரசா.

ஜெபமணி: ஆமா, வெரசா. அங்கன சன்னல்ல இருக்கு மதினி. ரொம்ப நேரம் கையில வச்சிருக்காதிய.

சாரம்மாள்: ஏன்?

ஜெபமணி: கைச்சூடு... சேராது.

சாரம்மாள்: ஆத்தாடி! கவுத்துனாலும் விழல. கல்லாக் கெடக்கே.

எப்சிபா: பாத்தியா? நான் சொன்னப்பம் நம்புனியா?

சாரம்மாள்: இது மேல நான் வச்சிருந்தத விடக் கெட்டி. ...தம்பி.

ஜெபமணி: சொல்லுங்க மதினி.

சாரம்மாள்: பாட்டிலு ஏன் வேர்க்குது?

ஜெபமணி: என்னது?

சாரம்மாள்: வெளிப்பக்கம் முத்து முத்தாத் தண்ணி. என் கையெல்லாம் நனைஞ்சு போச்சு.

எப்சிபா: அது... நான் கழுவி வச்சேன்க்கா.

ஜெபமணி: இல்லியே, நான் தொடச்சுதான வச்சேன்...

எப்சிபா: நீங்க வாய மூடுதியளா?

சாரம்மாள்: மூடியில கறிவேப்பில ஒட்டிக்கிட்டு இருக்கு. கூடவே மீன் கொழம்பு வாசம்.

ஜெபமணி: மதினி, ஒளிக்க என்ன இருக்கு. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல கெடந்துச்சு. நீங்க தெருமுனையில வாரத பாத்துட்டுத்தான் ஓடிப் போயி எடுத்து வச்சேன். இந்த ரூம்ல எண்ணெ உறையாது. அஞ்சு டிகிரி கொறைச்சிருக்கேன், அதுக்கு மேல எனக்குத் தெரிஞ்ச வித்தை இல்ல. இவள ஏசாதிய.

எப்சிபா: ஏசட்டும். ஏசிட்டு இங்கனயே இருக்கட்டும். அக்கா, ஒரு கோடைய மட்டும் பாரு. ஆகலன்னா நானே ஒன்ன வால்பாறையில கொண்டு போயி விடுதேன். தனியாப் போவாதக்கா... எனக்கும் ஒன்ன விட்டா யாரு இருக்கா?

சாரம்மாள்: ஏ கோட்டி, அழாதட்டி. தம்பி, இவ சின்னப்புள்ளையில இருந்தே இப்படித்தான். தோளு நனைஞ்சு போச்சு... விடுட்டி என்ன.

எப்சிபா: விட மாட்டேன். ...அக்கா. கழுத்துல என்ன இது?

சாரம்மாள்: என்ன?

எப்சிபா: பிடரியெல்லாம் செவந்து போயி... வேர்க்குரு! முதுகு வரைக்கும் இருக்கே.

சாரம்மாள்: பஸ்ஸுல வந்தது.

ஜெபமணி: மதினி, ரெண்டு மூணு மணி நேரத்துல இம்புட்டு வேர்க்குரு வராது. நான் தட்டு மேலயே கெடக்க ஆளு, எனக்குத் தெரியும். இது நாள் பட்டது.

எப்சிபா: பனிக்குள்ள இருந்தவளுக்கு ஏது வேர்க்குரு? ஆமா... கம்பளி எங்க? துணிப்பை ஒண்ணுதான கொண்டாந்திருக்க? அந்தக் கம்பளிய விட்டு ஒரு நாளு பிரிய மாட்டியே... அக்கா, நேராப் பாரு. எங்க இருந்து வார நீ?

சாரம்மாள்: கம்பளிய எறங்குத அன்னைக்கே பக்கத்து லயத்துக்காரிட்ட குடுத்துட்டேன். சித்திரை பொறக்கதுக்கு முன்னாலயே சாவியக் குடுத்துட்டு வந்தாச்சுட்டி. வால்பாறையுமில்ல, சேக்காளியுமில்ல. கல்லிடைக்குறிச்சியில ஒரு தகர ஷெட்டுக்கடியில, தலையில ஈரத்துண்டப் போட்டுக்கிட்டுத்தான் ஒன்கிட்ட பனி பெய்யுதுன்னு பேசுனேன். எடமில்லாம வந்து நிக்கேன்னு எந்த வாயால சொல்ல? எண்ணெ உறையட்டும்னு நான் சொன்னப்பம், "சவம், உறைஞ்சா என்ன, உருகுனா என்ன, நீ கெளம்பி வாக்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லுவியன்னு பாத்தேன். ஒரு மாசமாப் போனையே பாத்துக்கிட்டு நான் அங்கன வெந்துக்கிட்டு இருக்கேன்... புருசனும் பொண்டாட்டியும் இங்கன சந்துல விரல விட்டுப் பாத்து டைல்ஸ் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கிய!