கடைமடைக்குப் போகாத தண்ணீர்

— அதுக்கு ஏண்டி மூஞ்சிய அப்படித் தூக்கி வெச்சிருக்க? தண்ணிக் கணக்குன்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்.

— முன்னப்பின்ன இல்லடி. எட்டு நாளா கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி போகல. பயிரெல்லாம் கருகிடுச்சாம். நம்ம அறிக்கையை நம்பித்தானே அணை இன்ஜினியர் ஷட்டரைப் பாதி இறக்கினாரு.

— நம்ம என்ன நம்ம? உன் அறிக்கை தாயே. "மேடம், ஷட்டரை எவ்வளவு தூக்கட்டும்"னு உனக்குத்தானே போன் வருது.

— குத்திக் காட்டாத. வாய்க்கால் பாலத்தை ரிப்பேர் பண்ணப்போ, தூணுல தண்ணி மட்டம் பாக்கற அளவுகோலை இடம் மாத்தி மாட்டிட்டாங்க. நேர்ல போய்ப் பாக்காம விட்டது என் தப்புதான்.

— ஒரு சாண் கீழ மாட்டினா, ஓடற தண்ணியை அதிகமாத்தானே காட்டும்.

— ஒரு சாண்னு நான் சொல்லவே இல்லையே.

— யாரோ சொன்னாங்க.

— யாருக்கும் தெரியாதுடி. இன்னிக்குக் காலையில நான்தான் போய் அளந்தேன்.

— சரி, போன மாசம் அந்தப் பக்கம் போயிருந்தேன். புது போல்ட்டு, புது பெயின்ட்டு. சந்தேகமா இருந்துச்சு, கைய வெச்சுப் பாத்தேன்.

— பாத்துட்டு எங்கிட்ட சொல்லலையா?

— வாய் வரைக்கும் வந்துச்சு. அன்னிக்குன்னு பாத்து டைரக்டர் எல்லார் முன்னாடியும் உன்னைத் தூக்கி வெச்சுப் பேசினாரு. வயிறு எரிஞ்சுச்சுடி. பதினோரு வருஷமா ஒரே ரூம்ல உக்காந்திருக்கோம். நான் எழுதினது எல்லாம் அலமாரியில தூங்குது, நீ சொன்னா ஷட்டர் தூக்கறாங்க. ஒரே ஒரு தடவை நீ நாலு பேர் முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும்னு நினைச்சேன். பயிர் கருகும்னு நினைக்கல.

— அறிக்கையை அனுப்பறதுக்கு முந்தி உன் மேசையில ஒரு காப்பி வெச்சேனே, அதைப் பாத்தியா?

— கவரைப் பிரிக்கவே இல்ல. அட்டையில உன் பேரைப் பாக்கப் பிடிக்காம டிராயர்ல தள்ளிட்டேன்.

— அப்ப அட்டையையே நீ பாக்கலையா?

— என்னடி அப்படிப் பாக்கற? நாலு வார்த்தை திட்டிடு.

— அந்த அறிக்கையில இருக்கற கணக்கு முறையே நீ ஆறு வருஷம் மண்டைய உடைச்சுக் கண்டுபிடிச்சது. பேரு மட்டும் நான் வாங்கறேனேன்னு மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்தத் தடவை அட்டையில உன் பேரைப் போட்டேன், என் பேரு உள்ள எங்கயோ இருக்கு. கீழ ஹால்ல உக்காந்திருக்கற விவசாயிங்க உன்னைத்தான் கேட்டு வந்திருக்காங்க.